ஐஸ்காரர் பெட்டியில் பலாப்பிஞ்சு

யார் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஐஸ்காரர் முதலில் பார்ப்பது பையை அல்ல, கையை. நகத்தைத் திருப்பிப் பார்ப்பார். "கழுவுனீங்களா?" என்பார். கழுவினேன் என்றால், "கழுவிப்போட்டு அப்பறம் எதத் தொட்டீங்க?" என்பார். எனக்குச் சுள்ளென்று ஏறும். என் பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து போடுகிற கை அது. அதை ஒரு ஆள், காப்பிக்கொட்டையில் சொத்தை பொறுக்குகிற மாதிரி பார்த்தால் எப்படி இருக்கும்?

இந்த மனிதர்தான், வயிற்றில் எதுவும் தங்காமல் துவண்டு கிடந்த என் தங்கைக்கு, அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பண்டத்தைக் கொடுக்க மாட்டேன் என்றவர். அந்தப் பண்டம் எங்களுடையது. நான் பறித்து, நான் சீவி, நான் சுமந்துபோய்க் கொடுத்தது. அவரைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது என்றால் காரணம் இருக்கிறது.

நாகலூரில் எஸ்டேட் ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளை லைன் என்போம். எங்கள் லைனில் கடைசி வீடு அவருடையது. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஐஸ்காரர் என்றால்தான் தெரியும். அந்த லைனிலேயே பிறந்து வளர்ந்தவர், ரொம்ப வருஷம் ஏற்காட்டில் ஏரிக்கரையில் ஐஸ் விற்றார். கடை கட்டுப்படியாகாமல் போனதும், சவப்பெட்டி நீளத்துக்கு இருந்த, கரண்டில் ஓடுகிற ஐஸ் பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டுக்குள் போட்டார். வீட்டில் பாதி இடம் பெட்டிக்கு, மீதிதான் அவருக்கு. பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை இல்லை.

மலையில் விளைவதெல்லாம் ஒரே சமயத்தில் விளைந்து தொலைக்கும். பீன்ஸ் வந்தால் பீன்ஸ்தான், பட்டாணி வந்தால் பட்டாணிதான். பட்டர் புரூட் பழுக்கிற காலத்தில் மரத்தடியில் மிதித்துக்கொண்டு நடப்போம். நான்கு மாதம் கழித்து ஒன்றும் இருக்காது. அதைப் பார்த்துத்தான் ஐஸ்காரர், கொண்டுவந்து கொடுங்கள், பெட்டியில் வைத்துத் தருகிறேன் என்றார். காசு வாங்கமாட்டார். வைப்பதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு சீசன் இல்லாதபோது லாட்ஜ்களுக்கு விற்றுக்கொள்வார்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம். ஒரு கூடை பீன்ஸ் கொடுத்தால் திரும்பி வருவது உள்ளங்கை அகலத்துக்குச் சில பைகள். மீதி எங்கே?

"காம்பு போச்சு, நாரு போச்சு, முத்தலு போச்சு. கொதிதண்ணியில போட்டா சுருங்கீருமுங்க" என்பார்.

"லாட்ஜுக்குப் போனா இன்னுமே சுருங்கும்" என்று முதல் வீட்டு அக்கா சொல்வாள். அவளுக்கு வாய் நீளம். ஐஸ்காரர் காதில் விழும்படிதான் சொல்வாள். அவர் பதில் பேசமாட்டார். பேசாத ஆளை எப்படி நம்புவது?

ஒருநாள் அவர் வேலை செய்வதைப் பார்த்துவிடுவது என்று வாசலிலேயே நின்றேன். அவரும் என்னைப் போகச் சொல்லவில்லை. பீன்ஸை மூன்று தண்ணீரில் அலசினார். நறுக்கினார். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் போட்டு, பச்சை நிறம் ஏறியதும் அரித்தெடுத்து, ஐஸ் கட்டி போட்ட தண்ணீரில் கொட்டினார். ஆறியதும் வெள்ளைத் துணியில் பரப்பி ஈரம் ஒற்றினார். அப்புறம் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரத்தி, தட்டோடு பெட்டிக்குள் வைத்தார். கல்லாக உறைந்த பிறகுதான் பையில் அள்ளிப் போடுவாராம். பையில் இருக்கிற காற்றை வாயால் உறிஞ்சி எடுக்கலாமே என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் நான் பைக்குள் துப்பிவிட்டேன் போலிருந்தது. காற்றைக் கையால் அமுக்கித்தான் வெளியேற்றினார். கூடை எப்படிப் பை ஆகிறது என்பது அன்றைக்குப் புரிந்தது. ஆனால் நான் பார்க்கிறேன் என்பதற்காக ஒழுங்காகச் செய்திருக்கலாம் இல்லையா?

அவர் யாரையும் நம்பவில்லை என்பது மட்டும் நிச்சயம். மோர்க்காரர் மருமகள் அவசரத்தில் பட்டாணியை வேகவைத்துச் சூட்டோடு பெட்டிக்குள் வைத்துவிட்டாள். ஐஸ்காரர் அந்தப் பையை அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "உன்ற பையி சூடு மத்த பையெல்லாத்தையும் எழுப்பியுடுங் கண்ணு" என்றார். என்னமோ உள்ளே குழந்தைகள் தூங்குகிற மாதிரி. இன்னொரு தடவை யாரோ கோழிக்கறியைத் தாள் சுற்றிக் கொய்யாப் பைக்கு அடியில் செருகிவிட்டார்கள். பெட்டியில் கறி கூடாது என்பது அவர் போட்ட கட்டளை. கறித் தண்ணீர் காயில் சொட்டினால் தின்கிறவர் பாடு அவ்வளவுதான் என்பார். அன்றைக்கு வீடு வீடாகப் போய் அந்தத் தாளை நீட்டி, "இது உங்க ஊட்டுதா?" என்று கேட்டார். எல்லோரும் இல்லை என்றோம். மறுநாள் பெட்டிக்குப் பூட்டு வந்துவிட்டது.

மோந்து பார்த்தால் தெரியாதா, எதற்கு இந்தக் கெடுபிடி என்று கேட்டதற்கு, "மூக்க நம்பாதீங்க. நாத்தம் வராமயே கெட்டுப்போறது நெறைய இருக்குதுங்க" என்றார். மூக்கையும் நம்பாத மனிதர் கரண்டை நம்புவாரா? ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி நிற்கவைத்து உறையவிடுவார். உறைந்ததும் தலைகீழாகத் திருப்பிப் பெட்டியின் மூலையில் செருகிவிடுவார். ஐஸ் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும். இடையில் கரண்ட் நின்று பெட்டி சூடாகிவிட்டால் ஐஸ் உருகி மூடிப் பக்கம் இறங்கிவிடும். கரண்ட் வந்து மறுபடி உறைந்தாலும் கீழேதான் உறையும். அவர் ஊரில் இல்லாதபோது என்ன நடந்தது என்று அந்தப் பாட்டில் சொல்லிவிடும். அது யாருக்கு வைத்த உளவு? எங்களுக்குத்தான்.

காரணம் மெயின். லைனில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே மெயின் சுவிட்சு, குழாயடிச் சுவரில் இருக்கிறது. இடி இடித்தால் அதை இறக்கிவிடுவது எங்கள் வழக்கம். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு மின்னலுக்கு அத்தனை வீட்டுப் பல்பும் போயிருக்கிறது. இப்போது டிவி இருக்கிறது, மிக்ஸி இருக்கிறது. மேகம் உறுமினால் யார் குழாயடிக்குப் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் கை மெயினுக்குப் போகும். பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிந்ததும் இதைத்தான் முதலில் பழக்குவோம். மழை விட்டதும் யாராவது ஏற்றுவார்கள். ஐஸ்காரர் குடை பிடித்துக்கொண்டு குழாயடியில் நின்று மழை விடுவதற்குக் காத்திருப்பார்.

அந்த வருஷம் மாசியில் எங்கள் மரத்துப் பலாப்பிஞ்சை அவரிடம் கொடுத்து வைத்தேன். தோல் சீவி, துண்டு போட்டு, மஞ்சள் தண்ணீரில் அரை வேக்காடு வேகவைத்துக் கொடுத்ததெல்லாம் அவர் சொன்ன மாதிரிதான். ஐப்பசி வரை எடுக்கவில்லை.

ஐப்பசியில் எஸ்டேட் போனஸ் பட்டுவாடா ஆன மறுநாள் லைனே காலியாகும். தீபாவளித் துணி எடுக்க எல்லோரும் காலைப் பஸ்சில் சேலம் போவோம். அன்றைக்கு விடியும்போதே வானம் கறுத்துக் கிடந்தது. ஐஸ்காரரும் கிளம்பினார். பெட்டி மூடியின் ரப்பர் தேய்ந்துவிட்டதாம், குளிர் வெளியே போகிறதாம், புது ரப்பர் வாங்க வேண்டுமாம். மூடியின் மேலும் சந்தேகம்.

துணி எடுத்துவிட்டுத் திரும்பினால் மழை. மலைப்பாதையில் பாறை உருண்டு பஸ்சை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அடிவாரத்தில் என் தங்கையைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். இரண்டு நாள் அங்கேதான் இருந்தேன்.

தங்கைக்கு அதற்கு முன் இரண்டு தடவை கலைந்துவிட்டது. இது மூன்றாவது. நான்காம் மாதம். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், மணிக்கட்டில் வளையல் நிற்கவில்லை. ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை நிற்பது கஷ்டம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மாமியார் என்னென்னவோ செய்து கொடுத்துப் பார்த்துவிட்டாள்.

"என்னடி வேணும், வாயத் தொறந்து சொல்லு" என்றேன்.

"பலாப்பிஞ்சு வறுவல் இருந்தா ஒரு வாய் எறங்கும்போல இருக்குதுக்கா."

ஐப்பசியில் பலாப்பிஞ்சுக்கு எங்கே போவது? எனக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. அப்போது வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. பாதை திறந்ததும் அவளையும் பஸ்சில் ஏற்றிக்கொண்டு மேலே வந்தேன். வளைவுக்கு வளைவு பாலித்தீன் பையை அவள் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் மெயினை ஏற்றியிருந்தார்கள். விளக்கு எரிந்தது. ஐஸ்காரர் ரப்பர் கிடைக்காமல் சேலத்தில் அலைந்துவிட்டு அடுத்த நாள்தான் வந்தார். நான் அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பூட்டைத் திறந்தார். பையெல்லாம் கல்லாக இருந்தது. என் பலாப்பிஞ்சை நானே பார்த்தேன், வைத்தபோது இருந்த அதே மஞ்சளாக, ஒரு மாற்றமும் இல்லாமல். கையை நீட்டினேன். அவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஐஸ் அத்தனையும் மூடிப் பக்கத்தில் இருந்தது.

பெட்டியைச் சாத்திவிட்டார்.

"ஏனுங்ணா, எங்க பையக் குடுங்க."

"இது தண்ணியாப் போயி மறுக்கா உறைஞ்சிருக்குது. ஒண்ணும் உதவாது அம்மிணி, எல்லாம் போச்சு."

"கல்லாட்டம் இருக்குதுங்க. என்ற கண்ணுலயே பாத்தனே."

"குளுரு எந்தக் கிருமியையும் சாவடிக்காதுங்க. தூங்க வெக்கும், அவ்வளவுதான். ரெண்டு நாளு முழிச்சிருந்து அது என்ன பண்ணுச்சோ யாருக்குத் தெரியும்?"

லாட்ஜுக்கு விற்பதற்காக நாடகம் ஆடுகிறார் என்றுதான் நினைத்தேன். நான் மட்டுமல்ல, கேட்ட எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். தீபாவளிக்கு லாட்ஜுகளில் கூட்டம் நெரியும். பையைக் கெட்டுப்போனது என்று சொல்லித் தானே வைத்துக்கொண்டால் அத்தனையும் அவருக்கு.

அவரோ எங்களைப் பிடித்துக்கொண்டார். அன்றும் மறுநாளும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "மெயின எறக்குனது யாரு?" என்று கேட்டார். கடைசியில் குழாயடியில் எல்லோரும் கூடிவிட்டோம்.

"நாங்க வரையில எறங்கித்தான் கெடந்துச்சு. ஏத்துனது நானு. எறக்குனவங்கள எனக்கென்னங்க தெரியும்?" என்றாள் முதல் வீட்டு அக்கா. "உங்க பெட்டிக்கு ஒரு போலீஸ்காரனப் போட்டுக்கோங்க. எங்களப் போட்டு ஏன் உசுர எடுக்கறீங்க?"

"யாரோ ஒருத்தரு எறக்கியிருக்கோணும். அது தானா எறங்காது."

"அன்னிக்கு இடி இடிச்சுது. எவ கை பட்டுச்சோ."

"அந்தக் கை யாருதுன்னுதான் கேக்கறேன்" என்றார் ஐஸ்காரர். பேசிக்கொண்டே எங்கள் கைகளைப் பார்த்தார்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உள்ளே தங்கை ஓங்கரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. இவர் எங்கள் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் காலையை ஒன்றுவிடாமல் மனதில் ஓட்டினேன். பஸ் வந்து நின்றது. நாங்கள் எல்லோரும் ஏறினோம். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் இடித்தது.

"ஏனுங்ணா, அன்னிக்குப் பஸ்சுல கடசியா ஏறுனது யாருங்க?" என்றேன்.

அவர் பார்வை எங்கள் கைகளை விட்டு என் முகத்துக்கு வந்தது.

"பூட்டப் பாத்துப்போட்டு வாறேன்னு திரும்பிப் போனது யாருங்க? நாங்கெல்லாம் உள்ள உக்காந்திருக்கறோம். ஆரன் அடிக்கறாங்க. இடி இடிக்குது. குழாயடியத் தாண்டி ஓடியாந்தது நீங்க ஒருத்தருதானுங்களே?"

ஐஸ்காரர் குழாயடிச் சுவரைப் பார்த்தார். நடந்து போய் மெயினுக்கு முன்னால் நின்றார். வலது கையை மெதுவாகத் தூக்கினார். அது நேராகப் போய்ச் சுவிட்சில் பட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றார். சின்ன வயதில் அந்த லைனில் மெயினை இறக்குவது அவர் வேலையாகத்தான் இருந்திருக்கும்.

"இடிச்சுது" என்றார். "அம்மிணி சொல்றது நெசமுங்க. நாந்தான் எறக்கியிருக்கறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. யாரும் பார்க்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அக்காவுக்கு மனது இளகிவிட்டது. "அட, போச்சாதுங்க. வேணும்னா செஞ்சீங்க? உறைஞ்சுதான கெடக்குது. ஆளுக்கு அவங்கவங்க பையக் குடுத்துருங்க. நல்லா வேகவெச்சுத் தின்னுக்கறோம்."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். நானும்தான் சொன்னேன்.

"வேகவெச்சா புழு பூச்சி சாகும். அது வுட்டுட்டுப் போன வெசம் சாவாது" என்றார் அவர்.

அதற்குள் தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "எனக்கு ஒரு வாய் போதுங்ணா" என்றாள்.

எந்த மனிதனும் கரைந்துபோவான். ஐஸ்காரர் அவள் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். "இங்க இருக்கற யாருக்குக் குடுத்தாலும் உனக்குக் குடுக்க மாட்டேங் கண்ணு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

காப்பித் தோல் கொட்டுகிற குழி லைனுக்குப் பின்னால் இருக்கிறது. கூடை கூடையாக எடுத்து வந்து அதில் கொட்டினார். எங்கள் பீன்ஸ், எங்கள் பட்டாணி, மோர்க்காரர் வீட்டுக் கொய்யா, என் பலாப்பிஞ்சு. கல் விழுகிற சத்தம் கேட்டது. தன் பங்கைப் பதுக்கிக்கொள்வார் என்று நான் குழி ஓரத்திலேயே நின்றேன். அதுவும் வந்தது. விடாமல் அவர் வீட்டுக்குள் போய்ப் பெட்டியை எட்டிப் பார்த்தேன். ஒரு பட்டாணி இல்லை. அவர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

அப்புறம் ஒரு பாட்டில் பினாயில் எடுத்து வந்து குழியில் ஊற்றினார்.

"அது எதுக்குங்க?" என்றாள் அக்கா.

"நான் அந்தப்பக்கம் போனதீம் வந்து எடுப்பீங்க" என்றார்.

லைனே அவரை வாய்க்கு வந்தபடி திட்டியது. நானும் திட்டினேன். என்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. மறுநாள் தங்கையைச் சேலத்துக்குக் கொண்டுபோய்க் குளுக்கோஸ் ஏற்றினோம். படுக்கை பக்கத்தில் உட்கார்ந்து அந்த மனிதரைச் சபித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் அவளுக்கு அரிசிக் கஞ்சி தங்கியது. ஐந்தாம் மாதம் பிறந்ததும் சோறு இறங்கியது. பலாப்பிஞ்சை அவள் மறந்தே போனாள். நான்தான் மறக்கவில்லை. அந்த வார்டில் ஒரு பெண் கிடந்தாள். பழசைத் தின்று வயிற்றாலே போய்ப் பிள்ளை போய்விட்டதாம். அவள் அம்மா சொல்லிச் சொல்லி அழுதாள். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அவர் மேல் இருந்த கோபம் அதனால் போய்விடவில்லை. நல்ல விதமாகச் சொல்லியிருக்கலாம், பினாயில் ஊற்றாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த மாசியில் மரத்தில் பிஞ்சு விட்டபோது லைனில் ஒருத்தரும் ஐஸ்காரர் வீட்டுப் பக்கம் போகவில்லை. பட்டாணி அழுகிப்போனாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள். புது ரப்பர் போட்ட பெட்டி காலியாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் வெளியே தலை காட்டுவதே குறைந்துவிட்டது. தங்கை அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தாள், எட்டாம் மாதம், கால் வீங்கி. வயிறு முட்டப் புதுப் பிஞ்சு வறுவல் தின்றாள்.

மீதியைக் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் வீட்டு அக்கா குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

"எங்கடி போற? தானே மெயின எறக்கிப்போட்டு நம்ம பண்டத்தையெல்லாம் குழியில கொட்டுன ஆளு. மறுக்காவும் கொண்டுபோயிக் குடுக்கறயா? உனக்கு நொம்பத்தான் எளகுன மனசு."

"அவரு அன்னிக்குப் பாட்டிலப் பாத்துப்போட்டு வாயத் தொறக்காம இருந்திருந்தா அந்தக் கெட்டதயெல்லாம் நீங்க தின்னிருப்பீங்க. உங்க பேரனுக்கும் ஊட்டியிருப்பீங்க" என்றேன்.

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஐஸ்காரர் கதவைத் திறந்து, கூடையைப் பார்த்து, என்னைப் பார்த்தார். ஆள் இளைத்திருந்தார்.

"எல்லாரும் வேண்டான்னுட்டாங்க. நீங்க எதுக்கு அம்மிணி கொண்டாந்தீங்க? என்னைய நம்பறீங்களா?"

"நம்புலீங்ணா" என்றேன். "கொதிக்க வெக்கறதுல இருந்து பையக் கட்டற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து பாக்கப் போறேன். நடுவுல நடுவுல வந்து பெட்டியையும் பாப்பேன்."

அவர் கதவை முழுதாகத் திறந்தார்.

"அப்படீன்னா உள்ள வாங்க" என்றார்.